சோழவரம் ஓடுபாதையில் ஒரு தை அமாவாசை

திருவள்ளூர் ஸ்டேஷனில் நான் இறங்கியது 1971 ஜனவரி 23, சனிக்கிழமை மாலை. என்னை அழைத்துப்போக வந்திருந்த சித்தப்பா மகன் பக்தவத்சலம் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பெட்டியைப் பார்த்தான்.

“ரிங்கு கொண்ணாந்தியாண்ணே?”

கொண்டுவந்திருந்தேன். பழைய ஆங்கில மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கான பிஸ்டன் வளையங்கள். ஈப்போவில் எந்தச் சீனர் கடையிலும் கிடைக்கிற பொருள். இந்தியாவில் இறக்குமதி லைசென்ஸ் இல்லாமல் கண்ணால் பார்க்க முடியாது. மதராஸ் துறைமுகத்தில் சுங்க அதிகாரி அவற்றில் ஒன்றை மணிக்கட்டருகே பிடித்துப் பார்த்து, இந்த வளையல் யாருக்கு என்று கேட்டார். உறவுக்காரப் பிள்ளைக்கு என்றேன். சிரித்துவிட்டு அனுப்பிவிட்டார்.

அப்பா கடைசியில் கஷ்டப்பட்டாரா என்று பக்தவத்சலம் விசாரித்தது ரயில்வே கேட்டைத் தாண்டி மணவாள நகருக்குள் நுழைந்த பிறகுதான். நான் வந்ததே அந்தக் காரியமாகத்தான். ஒரு தை அமாவாசையிலாவது வீரராகவர் கோயில் குளக்கரையில் தனக்குத் தர்ப்பணம் செய்ய வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த ஆண்டு தை அமாவாசை ஜனவரி 26, செவ்வாய்க்கிழமை. குடியரசு தினமும் அன்றுதான். இந்தப் பொருத்தத்தைக் கப்பலிலேயே கவனித்து ரசித்திருந்தேன். அது எங்களைப் படுத்தப்போகிற பாடு அப்போது தெரியாது.

பக்தவத்சலத்தை ஒருவருக்கும் புரியாத ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. எனக்கும் அதே பைத்தியம். நான் ஈயச் சுரங்கக் கம்பெனி ஒன்றில் கணக்கர். சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் கோலாலம்பூரிலும் நடக்கிற மோட்டார் பந்தயங்களைத் தேதி, வானிலை, வென்றவர், கவிழ்ந்தவர் என்று எழுதி வைப்பது என் பொழுதுபோக்கு. அவன் மதராஸில் ஒரு ஆபீசில் குமாஸ்தா. சோழவரத்தில் யுத்தகாலத்து விமான ஓடுபாதையில் வருஷாவருஷம் பந்தயம் நடக்கிறது. அதைப் பற்றி எனக்கு எழுதுவது அவன் பொழுதுபோக்கு. எங்கள் கடிதங்களில் கல்யாணம், கருமாதிச் செய்திகள் கடைசி வரிகளில்தான் வரும்.

முகம் கழுவிக் காபி குடிப்பதற்குள் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த சைக்கிள் ஸ்டாண்டுக்கு என்னை மறுபடி இழுத்துக்கொண்டு போனான். மதராஸிலிருந்து மாலை ரயில்கள் வரவர, சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியவர்களில் சிலர் போகாமல் அங்கேயே நின்றார்கள். ரேஸ் ரசிகர்கள். பக்கத்துக் கடையிலிருந்து மசால் வடையும் டீயும் வந்தன. வடை அபாரம். டீயில் எங்கள் ஊர்க் காபிக்கடைக்காரன் பார்த்தால் அழுதுவிடுகிற அளவுக்குச் சர்க்கரை.

பிப்ரவரியில் சோழவரம், அப்புறம் கல்கத்தா, அதற்கப்புறம் பெங்களூர் என்று சீசன் முழுவதையும் அவர்கள் ஒரு டீக்குள் ஓட்டி முடித்தார்கள். கல்கத்தாக்காரன் மழையில் ராஜா, வெயிலில் சாதா ஆள் என்றார் ஒருவர். பெங்களூர் டாக்டர் வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே பிரேக் பிடிக்கிறார், நாற்பது தாண்டினால் எல்லாருக்கும் அந்தப் புத்தி வந்துவிடும் என்றார் இன்னொருவர். கோயம்புத்தூரிலிருந்து வரப்போகிற, உள்ளூரிலேயே தகடு தட்டிக் கட்டிய கார் பற்றிப் பெரிய சண்டை.

“கோயமுத்தூரான் காரு நேரா போறப்ப ஏரோப்ளேன் மாதிரி போவும். இன்னா, திரும்பணும்னு அதுக்கு ஞாபகம்தான் வராது,” என்று அதை முடித்துவைத்தவர் முனிரத்தினம்.

முனிரத்தினம் திருப்பாச்சூரில் நெல் விளைவிக்கிறவர். தோளில் துண்டு, காலில் லாரி டயர் செருப்பு, ஐம்பது வயதிருக்கும். மற்றவர்கள் ரயிலை விட்டு இறங்கி நிற்கிறவர்கள். அவர் இந்தப் பேச்சுக்காகவே ஊரிலிருந்து வருகிறவர். நான் மலேயாக்காரன் என்றதும், சிங்கப்பூரில் ஒரு தடவை இரண்டு கார்கள் ஒன்றாகக் கோட்டைத் தொட்டதாமே, நிஜமா என்று கேட்டார். நிஜம்தான், ஆனால் அது அவர் சொல்கிற வருஷம் இல்லை என்று திருத்தினேன். அவருக்குப் பிடிக்கவில்லை. இவர்கள் பந்தயங்களை வருஷம் சொல்லிக் குறிப்பிடுவதில்லை என்பது பிறகுதான் புரிந்தது. ஒன்று கிணறு இடிந்த வருஷம், இன்னொன்று பெரிய மச்சினி கல்யாணம். எழுதிவைக்கிற பழக்கம் உள்ளவனுக்கு இது சித்திரவதை. ஒரு பந்தயத்தின் ஆண்டைக் கண்டுபிடிக்க அவருடைய மச்சினிகளின் வயதையெல்லாம் விசாரிக்க வேண்டியிருந்தது.

எந்தச் சண்டையும் கடைசியில் இரண்டு இடத்தில் வந்து நின்றது. ஒன்று, கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்திருக்கிற ஓர் இரும்பு ஆலை. அதன் முதலாளிக்குப் பந்தய ஆசை. லைசென்ஸ் வாங்கி இரண்டு புது மோட்டார் சைக்கிள்களை வரவழைத்து ஒரு டீம் கட்டியிருந்தார். ஒரு வண்டிக்கு ஆள் உண்டு. நெட்டையன் என்பது இவர்கள் வைத்த பெயர். மற்ற வண்டிக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை.

“இரும்பு உருக்கறவனுக்கு ரேஸு இன்னா நைனா தெரியும்? டப்பு கீது, வண்டி வாங்கிட்டான். அதும்மேல குந்திக்கினு இருக்கறவனுக்குக் கால மடக்க எடம் இல்ல. வண்டியா அது? தகர டப்பா,” என்றார் முனிரத்தினம்.

இரண்டாவது, ‘நம்ம சாமி’. சொந்த வண்டியில், சொந்த ஊர்க்காரர்கள் துணையோடு மட்டும் ஓட்டுகிற வரதன். போன வருஷம் நெட்டையனைக் கடைசி வளைவுவரை விடாமல் துரத்தினவன். அந்த ஆலை டீமின் காலி வண்டிக்கு இவனைச் சோதித்துப் பார்க்க மானேஜர் ஒப்புக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் விடுமுறை என்பதால் குடியரசு தினத்தன்று மத்தியானம், சோழவரத்தில்.

“அன்னிக்குக் காலையில உனக்குத் தர்ப்பணம் பண்ணிவெக்கப்போற வாத்தியாரே அவருதாண்ணே,” என்றான் பக்தவத்சலம்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பாச்சூருக்குப் பஸ். வழியில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. ஈப்போவில் என்றால் பயணிகள் இறங்கி நிழலில் நிற்பார்கள். இங்கே எல்லாரும் இறங்கி வைத்தியம் சொன்னார்கள். கோழிக்கூடை வைத்திருந்த அம்மாள்கூட, டிரைவர் மூடியைத் திறந்த முறை சரியில்லை என்றாள். வயலிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றிக் கிளம்பினோம்.

முனிரத்தினத்தின் நெற்களத்து ஓரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. அதில்தான் பந்தய வண்டி இருந்தது. கோயில் கைங்கர்யக் குடும்பத்து வீட்டில் அதை வைத்துக்கொள்ள வரதனின் பெரியப்பா சம்மதிக்கவில்லையாம். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும் வரதனுக்கு. ஒல்லி. நெற்றியில் திருமண், இடுப்பில் கிரீஸ் படிந்த வேட்டி. ஹெல்மெட் உட்காருவதற்காகக் குடுமியைப் பிடரியில் தாழ்த்தி முடிந்திருந்தான். நான் கொடுத்த வளையங்களை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

வண்டியை உதைத்துக் கிளப்பிக் காட்டினான். நல்ல கனமான சத்தம். ஆனால் முடுக்கியபோது நடுவில் ஒரு திணறல், இருமல் மாதிரி. முனிரத்தினத்தின் முகம் வாடிவிட்டது. இளைப்பு வந்த குழந்தையைப் பார்க்கிற முகம்.

வளையங்களை மாட்ட எஞ்சினைப் பிரித்தார்கள். மத்தியானம் முனிரத்தினம் வீட்டிலிருந்து கத்தரிக்காய்க் குழம்பும் சோறும் வந்தது. வரதன் மட்டும் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதத்தை ஒதுங்கி உட்கார்ந்து சாப்பிட்டான். சாப்பிடும்போதும் கண் வண்டியில்தான். ஏன் இவ்வளவு பதற்றம் என்று மெதுவாகக் கேட்டேன்.

“இந்த வருஷம் டீம் கிடைக்கலேன்னா வண்டியை வித்துடறேன்னு பெரியப்பாகிட்ட சொல்லிட்டேன். அப்புறம் குளக்கரைதான்,” என்றான். குளக்கரையைக் குறைத்துச் சொல்லும் தொனி அதில் இல்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியவில்லை என்கிற அலுப்பு மட்டும்தான் இருந்தது.

திங்கட்கிழமை முனிரத்தினம் இல்லை. தங்கை வீட்டில் ஏதோ பேச்சுவார்த்தை என்று பள்ளிப்பட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் எஞ்சினைப் பூட்டினோம். இருமல் அப்படியேதான் இருந்தது. மாலையில் வரதன் கார்புரேட்டரைக் கழற்றி ஊதினான். ஊசித் துளையில் அடைத்திருந்த ஒரு துணுக்கு வெளியே வந்தது. அதற்குப் பிறகு வண்டி ஒரே மூச்சில் சத்தம் போட்டது. களத்தைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்து, முதல் தடவையாகச் சிரித்தான். வண்டி குணமாகிவிட்டது என்பதை முனிரத்தினத்துக்குச் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன்பே குளத்தைச் சுற்றி ஜனக்கடல். இரவே வந்து படுத்திருந்தவர்கள் எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த ஊர்ப் பெருமாள் வைத்தியர். நோய் தீர வேண்டிக்கொண்டு குளத்தில் வெல்லம் கரைக்கிறார்கள். நானும் முழங்கால் வலிக்காக ஒரு கட்டி கரைத்தேன். பக்கத்துப் படியில் முனிரத்தினம் முழுகி எழுந்து, ஒரு கண்ணாடிப் புட்டியில் குளத்து நீரை நிரப்பிக்கொண்டிருந்தார். இரவுதான் பள்ளிப்பட்டிலிருந்து திரும்பினாராம். தீர்த்தம் வீட்டுக்கா என்று கேட்டேன்.

“இல்ல நைனா, ஒடம்பு சரியில்லாத ஆளுக்கு,” என்றார். டிராக்டர் டிரெயிலரில் வைக்கோல் பரப்பி, வண்டியைப் படுக்கவைத்து எங்களுக்கு முன்னால் சோழவரத்துக்குக் கொண்டுபோவது அவர் பொறுப்பு. ஈரத் துணியோடு ஓடினார்.

வரதன் படிக்கட்டில் பத்துப் பதினைந்து பேருக்கு ஒன்றாகத் தர்ப்பணம் செய்துவைத்துக்கொண்டிருந்தான். பஞ்சகச்சத்தில் ஆளே வேறாக இருந்தான். ஒரு வரிசை எழுந்தால் அடுத்த வரிசை உட்காரும். மந்திரம் நல்ல வேகம். சம்மணமிட்டிருந்த அவன் வலது கால் பெருவிரல் மட்டும் மேலும் கீழும் அசைந்துகொண்டே இருந்தது. ஆங்கில வண்டிகளுக்குக் கியர் வலது காலில்.

என் முறை வந்தது. “தோப்பனார் பேரைச் சொல்லுங்கோ,” என்றான். சொன்னேன். அப்பா இறந்த பிறகு அந்தப் பெயரை நான் சத்தமாகச் சொன்னதே இல்லை போலிருக்கிறது, பாதிப் பெயர்தான் வெளியே வந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பின்னால் இன்னும் எத்தனையோ பேர். அவன் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். பெருவிரலும் நின்றிருந்தது. நான் மறுபடி தெளிவாகச் சொன்ன பிறகுதான் எள்ளையும் தண்ணீரையும் விடச் சொன்னான்.

வீடு திரும்பினால் வேறு சோதனை. பக்தவத்சலத்தின் மனைவி வாழைக்காய், பூசணிக்காய், வடை, பாயசம் என்று படையல் போட்டிருந்தாள். காக்கைக்குச் சோறு வைத்து, அது எடுத்த பிறகுதான் நாங்கள் உட்காரலாம். ஊரெங்கும் அமாவாசைச் சோறு. காக்கைகளுக்கு அன்று எங்கும் விருந்து, எங்கள் மாடிச் சோற்றை அவை சீந்தவில்லை. பக்தவத்சலம் கா, கா என்று கூப்பிட்டுத் தொண்டை கட்டிக்கொண்டான்.

“சாப்பிடாம போனா இன்னா ஆயிடும்?” என்றான்.

“உங்க பெரியப்பாவுக்கு ரேஸு முக்கியமா, சோறு முக்கியமான்னு அவரையே கேளுங்க,” என்றாள் அவள்.

ஒரு கிழட்டுக் காக்கை ஒருவழியாக வந்து வடையை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. அப்பாவுக்கும் வடைதான் பிடிக்கும். நாங்கள் நின்றபடியே சாப்பிட்டுக் கிளம்பினோம்.

பக்தவத்சலத்தின் மோட்டார் சைக்கிளில் மூன்று பேர். அவன் ஓட்ட, நடுவில் நான், பின்னால் வரதன், மடியில் கால்சட்டையும் ஹெல்மெட்டும் சுற்றிய பை. செங்குன்றம் சாலையில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் காகிதக் கொடி பிடித்து ஊர்வலம் போனார்கள். வாத்தியார் எங்களை முந்தவிடவில்லை. மூன்று பேர் ஒரே வண்டியில் போவதைப் பார்த்துப் பிள்ளைகள் கையாட்டினார்கள். வரதன் பின்னாலிருந்து என் தோளைத் தட்டித் தட்டி, “ஆச்சா, ஆச்சா?” என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

சோழவரம் ஓடுபாதை நான் கற்பனை செய்ததைவிட எளிமையாக இருந்தது. கோலாலம்பூரில் பந்தயத்துக்கென்றே கட்டிய வளைபாதையில் மாடம், கூரை, நாற்காலி எல்லாம் உண்டு. இங்கே முள்மரங்களுக்கு நடுவே வெடிப்பு விட்ட பழைய கான்கிரீட். வளைவு எங்கே என்று காட்டச் சுண்ணாம்பு பூசிய தார் பீப்பாய்கள். ஓர் ஓரத்தில் ஆடுகள். நெட்டையன் அப்போதுதான் ஓட்டி முடித்திருந்தான். ஆலை டீமின் மானேஜர் ஆரோக்கியசாமி ஜீப்பின் மேல் சாய்ந்து நின்றிருந்தார். விமானப்படையில் எஞ்சின் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை, குறைவான பேச்சு. முன்னால் ஒரு கயிறு கட்டி, வண்டிகள் நிற்கிற இடத்தைப் பிரித்திருந்தார். எங்கள் வண்டியோடு முனிரத்தினமும் கயிற்றுக்கு உள்ளே இருந்தார்.

வரதன் ஜீப்புக்குப் பின்னால் உடை மாற்றிக்கொண்டு வந்தான். திருமண் அப்படியே இருந்தது. வண்டி கிளம்பியது. முதல் நேர்பாதையில் எழுந்த சத்தத்தைக் கேட்டு நெட்டையன்கூடத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் பீப்பாய் வளைவைத் தாண்டி முடுக்கும் இடத்தில் அது விக்கியது. மறுபடி விக்கியது. வரதன் சமாளித்துப் பார்த்தான். எங்களைக் கடந்து போகும்போது எஞ்சின் விட்டுவிட்டு வெடித்துக்கொண்டிருந்தது. எதிர்க் கோடியில் அணைந்தேவிட்டது.

அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெயிலில் நடந்து வருவதை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆரோக்கியசாமி பிளாஸ்க்கின் மூடியைத் திருகி மூடி, ஜீப்புக்குள் வைத்தார்.

வரதன் கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றி, அதிலிருந்ததைத் தன் உள்ளங்கையில் கவிழ்த்தான். பெட்ரோல் விரலிடுக்கில் வழிந்தது. மிச்சம் ஆவியாகிக் கொஞ்ச நேரத்தில் காய்ந்தது. கையின் குழியில் முத்து மாதிரி ஒரு சொட்டு மட்டும் உருண்டு நின்றது. அது காயவில்லை.

“தண்ணி,” என்றான். “பெட்ரோல்ல எப்படி வந்தது?”

முனிரத்தினம் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“தீர்த்தம் சாமி. ஒரு மூடிதான் ஊத்தனேன். இருமிக்கினே இருந்துச்சே, அதான்.”

பக்தவத்சலம் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். என்னால் முனிரத்தினத்தின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. வரதன் அந்தச் சொட்டையே பார்த்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். அவன் கை தானாகவே மேலே போய், உள்ளங்கையைத் தன் தலையில் துடைத்துக்கொண்டது. தீர்த்தம் வாங்கிய கை எங்கே போகுமோ அங்கே போனது. பிறகுதான் அவனுக்கே அது உறைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, “டாங்கைக் கவிழுங்கோ,” என்றான்.

டாங்கைக் கழற்றி முள்மரத்தடியில் கால் படாத இடமாகப் பார்த்துக் கவிழ்த்தார்கள். பக்தவத்சலம் தன் மோட்டார் சைக்கிளின் டாங்கில் ரப்பர் குழாயை விட்டு வாயால் உறிஞ்சினான். முதல் மடக்கு வாய்க்குள்ளேயே போய்விட்டது. துப்பிக்கொண்டே என்னைப் பார்த்தான்.

“நீ போய் அவரை நிறுத்துண்ணே. வெளிநாட்டுக்காரர் சொன்னா கேப்பாரு.”

ஆரோக்கியசாமி ஜீப்பில் ஏறியிருந்தார். பெட்ரோலில் கோளாறு, இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்றேன். எந்த பங்க்கில் போட்டது என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன், அது உண்மையும்கூட. அவர் என் சட்டை, செருப்பு எல்லாவற்றையும் பார்த்தார். ஏனோ இறங்கிவிட்டார்.

இரண்டாம் தடவை வரதன் ஓட்டியதை நான் ஈப்போவுக்குப் போய் எப்படி எழுதிவைப்பேன் என்று அப்போதே யோசித்தேன். இன்னும் சரியான வார்த்தை அகப்படவில்லை. பீப்பாய் வளைவுக்கு நெட்டையன் பிரேக் பிடித்த இடத்தை அவன் முழு வேகத்தில் தாண்டினான். இனி திரும்ப முடியாது என்று நான் நினைத்த இடத்தில் வண்டி சாய்ந்து, முழங்கால் தரையை உரச, பீப்பாயின் சுண்ணாம்பைத் துடைத்துவிடுகிற நெருக்கத்தில் போனது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம், அதே கோடு. எஞ்சின் ஒரு தடவைகூடச் செருமவில்லை. நெட்டையன் இறங்கிக் கயிற்றோரம் வந்து நின்றுவிட்டான்.

வரதன் வந்து நின்றதும் ஆரோக்கியசாமி அவன் வண்டியருகே போனார். நாங்களும் சூழ்ந்துகொண்டோம்.

“முதல்ல என்ன ஆச்சு?”

“பெட்ரோல்ல தண்ணி, சார்.”

“எப்படி வந்துச்சு?”

பங்க்கில் கலப்படம் என்று சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்தில் அதை எவரும் நம்புவார்கள். பக்தவத்சலம் அதைச் சொல்ல வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். வரதன் முந்திக்கொண்டான்.

“தீர்த்தம் சார். எங்க ஊர்க் குளத்துத் தீர்த்தம். நம்ம மனுஷாதான், வண்டி நன்னாருக்கணும்னு ஊத்திட்டா.”

நெட்டையன் வாய்விட்டுச் சிரித்தான். ஆரோக்கியசாமி சிரிக்கவில்லை. “ஏர்போர்ஸ்ல பெட்ரோல்ல தண்ணி இருந்தா மேல போனவன் இறங்கி வர மாட்டான்,” என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் அந்தப் பழைய வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“இன்னைக்கே என்கூட கும்மிடிப்பூண்டிக்கு வா. புது வண்டியில உக்காந்து பாரு. இந்த சீசன் உன்னோடது. ஆனா தனியா வரணும். இவங்க ஒருத்தரும் வண்டிகிட்ட வரக்கூடாது. எல்லாரும் கயித்துக்கு அந்தப் பக்கம்.”

எங்களை வைத்துக்கொண்டே சொன்னார். வரதன் ஹெல்மெட்டின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டே முனிரத்தினத்தைப் பார்த்தான். கொட்டகை கொடுத்தவர், வைக்கோல் பரப்பினவர், மழையில் வண்டி நனையாமல் தன் கம்பளியைப் போர்த்தினவர். இவன் வர முடியாது என்று சொல்லிவிடுவான் என்று எனக்குத் தோன்றியது. முனிரத்தினத்துக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். அவர் குனிந்து கயிற்றுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

“சாமி, இங்கேருந்து பாத்தா ரேஸு நல்லாத் தெரியுது. வண்டியாண்டயே நின்னுகினு நான் இத்தினி வருசம் ஒண்ணும் பாக்கல. போ.”

பக்தவத்சலமும் போய் அவர் பக்கத்தில் நின்றான். நானும் போனேன்.

ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு வடக்கே திரும்பியது. வரதன் பின்னாலிருந்து கையை உயர்த்தினான். பிறகு ஜீப்பின் ஆட்டத்தில் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நாங்கள் பழைய பந்தய வண்டியையும், பெட்ரோல் தீர்ந்த பக்தவத்சலத்தின் மோட்டார் சைக்கிளையும் டிரெயிலரில் ஏற்றி, வைக்கோலில் உட்கார்ந்தோம். டிராக்டரை முனிரத்தினத்தின் மாப்பிள்ளை ஓட்டினார். செங்குன்றத்தில் டிராக்டரை நிறுத்தினோம். அங்கே கரும்புச் சாறு வாங்கிக் குடித்தோம். இஞ்சி தூக்கல்.

மறுபடி கிளம்பியதும் பக்தவத்சலத்தால் சும்மா இருக்க முடியவில்லை. சாமி ஓட்டுவதெல்லாம் சரி, ஆனால் அந்தத் தகர டப்பாவை வைத்துக்கொண்டு கல்கத்தாக்காரனை எப்படி முந்துவது என்றான். அதன் எடையே முன்பக்கமாகச் சாய்கிறது, வளைவில் வாரிவிடும் என்றான்.

முனிரத்தினம் வைக்கோலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“யாரு சொன்னது தகர டப்பான்னு? நல்லாப் பாத்தியா நீ? பிரேக் ட்ரம்மு சோத்துத் தட்டு மாதிரி கீது. டயரு அகலம். கால் நெட்டையா இருக்கறவனுக்குதான் அது சரிப்படாது. நம்ம சாமி ஒடம்புக்குன்னே அளவெடுத்து செஞ்சா மாதிரி இல்ல?”

பக்தவத்சலம் சிரிப்பதா, சண்டை போடுவதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தான்.

“மலேயாக்காரரே, நீ சொல்லு,” என்று முனிரத்தினம் என் பக்கம் திரும்பினார். “இரும்பு உருக்கறவனுக்குத்தானே நைனா தெரியும், எந்த இரும்பு நல்ல இரும்புன்னு?”

ஆமாம் என்றேன். டிரெயிலர் குலுங்கியது. அவர் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, பிப்ரவரியில் முதல் வளைவில் யார் முன்னால், யார் பின்னால் என்று சொல்லத் தொடங்கினார்.